தீர்மானப் புத்தகத்தை யார் கேட்பது?

(கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நிறைவு நாளில் ஆற்றிய உரை. பேச்சின் நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'ஜனநாயகத்தில் இளைஞர் பங்கு' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எங்களைப் போன்ற பேச்சாளர்கள் நேரே உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நமக்குத் தேர்தல் இருந்தது என்று ஆரம்பித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் கைதட்டலுக்கு அங்கே அதிகம் இடமில்லை.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதம் அதில் இருக்கிறது. யார் நிற்கலாம் என்பதும் இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். பெண்ணுக்கும் நிலமில்லாதவனுக்கும் அங்கே வேலையில்லை. வயதுத் தகுதி முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 வரை என்று ஆகிவிட்டது. சின்னப் பையன்கள் தொல்லை தாங்கவில்லை போலிருக்கிறது! பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்றும் ஒரு விதி. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஏற்பாட்டில் இளையவர் ஒருவருக்கு மட்டும் வேலை இருந்தது. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதவன் என்பதே அவனுடைய தகுதி. எடுத்துக் கொடுத்தால் அவன் வேலை முடிந்தது.

ஆண்டுதோறும் ஜனவரி 25-ஐ தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2011-லிருந்து நடக்கிறது. பேரணி, உறுதிமொழி, கோலப் போட்டி, வாசகப் போட்டி, மை வைத்த விரலோடு செல்ஃபி எடுக்க அட்டையில் வெட்டிய சட்டகம். இளைஞர்களை ஜனநாயகத்தில் ஈடுபடுத்துகிறோம் என்று இதற்குப் பெயர். எனக்கு இதில் தெரிவது அந்தக் குடத்தடிப் பையன்தான். ஓலையை எடுத்துக் கொடு, மற்றதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து மறுபடி கூப்பிடுகிறோம்.

பிறகு நாமே குறையும் சொல்கிறோம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊர்க் கவலை எங்கே இருக்கு, எப்பப் பாரு போன்." இந்த வாக்கியத்தை நான் எல்லா மாவட்டத்திலும் கேட்டிருக்கிறேன். இது உண்மையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கலாம். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் யார்? உங்கள் அண்ணன்களும் அக்காள்களும். ஒரு வாரம் கடற்கரையில் படுத்து, குப்பையைத் தாங்களே பொறுக்கி, போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்தி, ஓர் அவசரச் சட்டத்தை வரவழைத்தார்கள். ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ல் பேரவையில் மசோதா. அதே 23-ஆம் தேதி காலையில் போலீஸ் அவர்களைக் கடற்கரையிலிருந்து விரட்டியதும் நடந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். சட்டம் வந்தது, விதிகள் வந்தன, வாடிவாசலில் எத்தனை அடி, மாட்டுக்கு மருத்துவச் சோதனை எப்படி என்று எழுதினார்கள், வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போயிற்று, 2023 மே 18-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் இழுத்த இந்த வேலையில் மெரினாக் கூட்டத்திலிருந்து எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? கல்யாண வீட்டில் பந்தக்கால் நடவும் பந்தி பரிமாறவும் பையன்களைக் கூப்பிடுவோம். சம்பந்தம் பேசும்போது மட்டும் வெளியே போய் விளையாடச் சொல்வோம். அரசியலிலும் அதையே செய்கிறோம். கூட்டம் சேர்க்க இளைஞர் வேண்டும். கோப்பைத் திறக்கும்போது வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று புலம்புவதை விட்டுவிட்டு, அவர்கள் கையில் காகிதத்தைக் கொடுங்கள். வரவு செலவைக் கொடுங்கள், எஸ்டிமேட்டைக் கொடுங்கள், வரைவுச் சட்டத்தைக் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கோ இருக்கட்டும். ஆர்வம் தானாக வரும்.

சட்டம் ஓரளவுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 61-வது திருத்தம் 1989 மார்ச்சில் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25 வயது வேண்டும். ஆனால் ஊராட்சித் தலைவராகவோ நகர்மன்ற உறுப்பினராகவோ நிற்க 21 போதும். 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயர் ஆனார். 2022-ல் ஆர். பிரியா 28 வயதில் சென்னை மேயர் ஆனார். பத்திரிகைகள் வயதைப் பெரிதாகப் போட்டன. போடட்டும், தப்பில்லை. எனக்கு அதைவிட முக்கியம், பதவி எதுவும் இல்லாத 19 வயதுக்காரர் தன் ஊரில் என்ன செய்ய முடியும் என்பது.

அவருக்கு என்று ஓர் அவை இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் அந்த அவைக்கு அரசியல் சாசனத்தில் இடம் கொடுத்தது. அதுதான் கிராம சபை. சட்டமன்றத்துக்கு நாம் ஆள் அனுப்புகிறோம். கிராம சபைக்கு நாமே போகலாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உறுப்பினர் இல்லை. முன்பு ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டு சேர முடியும். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள்தான். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். முதலாண்டு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கிராம சபையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பல ஊர்களில் பார்த்த காட்சி.

காலை 11 மணி என்று நோட்டீஸ். பள்ளிக்கூட மரத்தடியில் சாமியானா. மேசைக்குப் பின்னால் தலைவர், செயலர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர். எதிரே தரையில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள். அவர்களை வரச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் கோரம் வேண்டும். 500 பேருக்குள் இருக்கும் ஊராட்சி என்றால் 50 பேர்; பத்தாயிரத்துக்கு மேல் போனால் 300 பேர். ஆண்கள் பந்தல் ஓரத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றத் தொடங்கிவிடுகிறது. அரசு அனுப்பிய கூட்டப் பொருளைச் செயலர் மூச்சுவிடாமல் வாசிக்கிறார்: டெங்கு, நெகிழி ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம். வரவு செலவு வரும்போது ஒரு மொத்தத் தொகை காதில் விழுகிறது, அவ்வளவுதான். ஓர் அம்மா எழுந்து, "எங்க தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரல" என்கிறார். "அதைத் தனியா ஆபீஸ்ல வந்து சொல்லுங்கம்மா." டீயும் பிஸ்கட்டும் வருகின்றன. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தீர்மானப் புத்தகத்தில் தீர்மானங்கள் எப்போது எழுதப்பட்டன? கூட்டம் கலைந்த பிறகு. மக்கள் கையெழுத்து எப்போது வாங்கப்பட்டது? கூட்டம் தொடங்கும் முன்பு. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே வந்திருக்கும் ஊராட்சிச் செயலர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள் குடிநீர், தெருவிளக்கு, வரி, வீட்டுத் திட்டம், ஆன்லைன் பதிவு எல்லாம் பார்க்கிறார். மேலே இருந்து வரும் படிவங்களை நிரப்புவதற்கே அவருக்குப் பொழுது போதவில்லை. அவரை வில்லனாக்கினால் பிரச்சினை தீராது.

அந்தக் கூட்டத்தில் 25 வயதுக்குட்பட்டவர்களை எண்ண ஒரு கை போதும். மற்றவர்கள் எங்கே? சிலர் திருப்பூரில், சிலர் ஸ்ரீபெரும்புதூரில், சிலர் உங்களைப் போல விடுதியில். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் விடுமுறை நாட்கள். 2022-ல் சேர்த்த மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் அப்படியில்லை, அன்றைக்குக் கல்லூரி உண்டு. இங்கே கல்லூரி முதல்வர் இருக்கிறார். விளையாட்டுப் போட்டிக்குப் போகும் மாணவனுக்கு வருகைப்பதிவில் 'ஓ.டி.' (ஆன் டூட்டி) கொடுக்கிறீர்கள். கிராம சபைக்குப் போகிறவனுக்கும் கொடுங்களேன். ஒரு சுற்றறிக்கை போதும், நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

வராததற்கு வேறு காரணமும் உண்டு. அதைப் பேசாமல் போனால் இது வெறும் மேடைப் பேச்சாகிவிடும். ஊரில் எல்லோரும் எழுந்து கேட்டுவிட முடியாது. யார் வீட்டுப் பையன் கேட்கிறான், எந்தத் தெருவிலிருந்து கேட்கிறான் என்பதைப் பார்த்துத்தான் பதில் வரும். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் அவர் உட்கார்ந்ததே குற்றமாகப் பார்க்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனித் தொகுதி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவர் யாரும் பதவியில் நிலைக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவிக்கு வந்தார்கள். இதெல்லாம் பழங்கதை இல்லை. உங்களில் சிலர் பிறந்த பிறகு நடந்தது. பெண்களுக்கு இன்னொரு தடை. 2016-லிருந்து தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் தலைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவருக்காகப் பேசும் கணவரை எல்லா ஒன்றியத்திலும் பார்க்கலாம். தலைவிக்கே இந்த நிலை என்றால் பி.காம். படிக்கும் பெண் எழுந்து நின்று கணக்குக் கேட்டால் வீட்டுக்கு எத்தனை தூது வரும்?

எனவே தனியாகப் போகாதீர்கள் என்பது என் யோசனை. நாலு தெருவிலிருந்து நாலு பேராகப் போங்கள். வாயால் கேட்பதை விட எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்டதற்குச் சாதி, வயது பார்த்துப் பதில் சொல்வது கொஞ்சம் கடினம்.

எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு, மேலவளவு இருக்கும் அதே மேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன். அரிட்டாபட்டி எல்லோருக்கும் தெரியும். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். சமணக் குகை, தமிழி எழுத்து, பாண்டியர் காலக் குடைவரை, ஏரிகள், ஊற்றுகள், வல்லூறு, ராஜாளி எல்லாம் இருக்கும் இடம். உள்ளூர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் ஆர்வலர்களும் என்ன பறவை, என்ன செடி, எந்தச் சுனை என்று பல ஆண்டுகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரிந்தது. 2022 நவம்பரில் அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு நடத்திய ஏலத்தின் முடிவு வெளிவந்தது. நாயக்கர்பட்டி தொகுதி, 2,000 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலமும் அதற்குள் வருகிறது. ஊர் கொதித்தது. நவம்பர் 1 கிராம சபை அந்த ஆண்டு தீபாவளியை ஒட்டி 23-ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்தது. அன்று ஒவ்வொரு ஊராகச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி. ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பேரணிப் படம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கும். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அத்தனை பேர் நடக்காவிட்டால் டெல்லிக்குக் கேட்டிருக்காது. ஆனால் 'இது சாதாரண மலையில்லை' என்று சொல்வதற்கு 2022-ல் ஓர் அரசாணை இருந்தது. அரசாணைக்குப் பின்னால் பல வருடத்து நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. கிராம சபைத் தீர்மானம் வேண்டிய நாளில் போடப்பட்டிருந்தது. இவை இல்லாமல் கூட்டம் மட்டும் இருந்திருந்தால், மறுபரிசீலனை என்று ஒரு குழு போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாயின் பரப்பு, எல்லை, மடை எத்தனை, கலுங்கு எங்கே, எது தூர்ந்து கிடக்கிறது என்று எழுதி வைத்த நோட்டு ஒன்று உங்களிடம் இருக்கிறதா? தாவரவியல் மாணவர்களும் புவியியல் மாணவர்களும் ப்ராஜெக்ட் என்று எதையோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதைவிட இதைச் செய்யலாம்.

அடுத்தது பணக் கணக்கு. ஊராட்சியில் பணமே இல்லை என்பார்கள். பாதி உண்மை. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. ஆக, 'தண்ணீர்க் குழாய் மாற்ற ஃபண்டு இல்லை' என்று ஒரு தலைவர் சொன்னால், நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எதில் போனது என்று கேட்க இடமிருக்கிறது. இதைக் கேட்க நீங்கள் யார் தயவையும் நாட வேண்டாம். இ-கிராம் ஸ்வராஜ் என்ற தளம் 2020 ஏப்ரல் 24-லிருந்து இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று தேடிப் போனால் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் கைபேசியிலேயே வரும். இப்போது எடுத்துப் பார்ப்பவர்களைப் பார்க்கிறேன். பார்க்கலாம், நான் தப்பாக நினைக்கவில்லை.

ஊராட்சிக் கணக்குக்குப் படிவம் 30 என்று ஒன்று உண்டு. கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியது. பேனராகவே கட்டித் தொங்கவிடும் ஊர்களும் இருக்கின்றன, அந்தச் சொல்லையே கேள்விப்படாத ஊர்களும் இருக்கின்றன. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் அதைப் படிக்கலாம். வணிகவியல் படிப்பவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். பெரிய நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டு, பக்கத்துத் தெரு விளக்குக்குப் பல்பு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாமல் போனால் என்ன பயன்?

காகிதம் கேட்டும் கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். இந்தியாவில் முதலில் அப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். விதிவிலக்குகள் அடுக்கடுக்காக இருந்ததால் அதனால் பெரிய பயன் இல்லை. உயிருள்ள சட்டம் ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து வந்தது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுப் போன அருணா ராயும் அவருடைய தோழர்களும் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தினார்கள். அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மஸ்டர் ரோல் என்னும் வேலையாள் வருகைப் பட்டியலையும் பில்லையும் வாங்கி ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே' என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கும், அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபைக்குத் தந்த சமூகத் தணிக்கை அதிகாரத்துக்கும் வேர் அங்கே இருக்கிறது.

தகவல் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். காகித நகல் மட்டும் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு செய்த வேலையை நேரில் பார்வையிடவும், அதன் பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஜெ) உரிமை தருகிறது. உங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்தால், எஸ்டிமேட்டும் எம்-புக் (அளவுப் பதிவேடு) நகலும் கேளுங்கள், தடிமன் எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள், மாதிரியும் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. சிவில் படிக்கும் நண்பர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதில் கையில் வந்ததும் அதை வைத்து ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசும் கூட்டமும் ஊரில் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். உங்கள் பேரும் போகும், அடுத்து உண்மையாகக் கேட்பவனின் மதிப்பும் போகும்.

நகரத்துப் பிள்ளைகள் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்களுக்காக 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்திருக்கின்றன. கிராம சபை அளவுக்கு அது இன்னும் வேரூன்றவில்லை. உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். அவர் யோசிப்பதிலிருந்தே விஷயம் தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு: பள்ளி மேலாண்மைக் குழு. 2024-ல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

ஊரைத் தாண்டி மாநிலம், நாடு என்று போனால் பொதுக் கொள்கை. அங்கேயும் நமக்குக் காகிதம் உண்டு. மத்திய அரசு கொண்டுவரும் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் ஒரு கொள்கை முடிவு எடுத்தார்கள். பல சட்டங்களில் அது காற்றில் போயிற்று. ஆனால் 2020-ல் ஒன்று நடந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஊரடங்கு நேரத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. சுரங்கம் வரப்போகும் ஊர்க்காரர் அதை எந்த மொழியில் படிப்பார்? வழக்கு போனது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-ல், எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. அந்த இடைவெளியில் மாணவர்கள் வரைவைப் பிரித்துப் படித்து, தமிழில் காணொளி போட்டு, லட்சக்கணக்கான மின்னஞ்சல் போகக் காரணமாக இருந்தார்கள். இயக்கம் நடத்திய இளைஞர்களின் இணையதளங்களை இடையில் முடக்கவும் செய்தார்கள். அந்த வரைவு அந்த வடிவத்தில் இறுதி அறிவிக்கையாக வரவில்லை.

அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. போன மின்னஞ்சல்களில் பெரும்பகுதி ஒரே வாசகத்தின் நகல். அதிகாரி அதை ஒரே கருத்து என்று எண்ணிவிட்டுப் போகலாம். 'என் ஊரில் இந்த ஆலைக்கு நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இப்படி நடந்தது, ஆகவே இந்தப் பிரிவில் இந்த வரியை மாற்றுங்கள்' என்று எழுதிய ஒரு பக்கத்தை அப்படித் தள்ள முடியாது. எண்ணிக்கையும் வேண்டும், ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிந்தவர்கள் கல்லூரிக்குப் பத்துப் பேராவது வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலை நேரத்துக்கு நடத்துங்கள். ஐந்தாண்டுக்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். தமிழ்நாட்டில் 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். 2016-ல் 18 வயதான ஒருவர் தன் ஊராட்சிக்கு முதல் ஓட்டுப் போட மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு காத்திருந்தார். அந்த 27 மாவட்டங்களில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தலைவர்களுக்குப் பதிலாக மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். இளைஞர் பங்கேற்பு என்று மாநாடு நடத்துவதற்கு ஆகும் செலவில் இதைச் சரி செய்யலாம்.

கல்லூரிகளுக்கும் ஒன்று. மாணவர் பேரவைத் தேர்தலுக்கு லிங்டோ குழு 2006-லேயே வழிமுறை வகுத்துக் கொடுத்தது. வேட்பாளருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது என்பது வரை எழுதியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் மதிப்பெண் பார்த்துத் துறைத்தலைவர் ஒருவரை நியமிக்கிறார், அவர் ஆண்டு விழாவில் நன்றியுரை வாசிக்கிறார். தோற்றவனோடு மறுநாள் ஒரே பெஞ்சில் உட்காரப் பழகுவதற்கு மூன்று ஆண்டு நல்ல வாய்ப்பு. அதை வீணாக்குகிறோம். சண்டை வரும் என்கிறீர்கள். வரும், பேசித் தீர்க்கக் கற்றுக்கொள்ளட்டும்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று இன்றைக்கே உங்கள் ஊராட்சியில் விசாரித்து வையுங்கள். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு முன்னால் உட்காருங்கள். படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். கூட்டம் முடியும் முன் தீர்மானங்களை எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்த பிறகு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.